கிட்டிவேக் படகின் நான்கு பேட்டரிகள்

எல்வுட் சாண்ட்விக்கின் மூச்சு இயந்திரத்தால்தான் எங்கள் படகு கடலில் செத்துப்போனது என்று எழுதியிருந்த அறிக்கையை நான் மூன்று முறை படித்தேன். முதல் முறை புரியவில்லை. இரண்டாம் முறை நம்ப முடியவில்லை. சில நாள் கழித்து மூன்றாம் முறை படித்து முடித்ததும் அதை மடித்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, மழையில் தொப்பிகூடப் போடாமல் பெர்னிஸ் ஜேம்ஸ் வீட்டுக்கு நடந்தேன்.

என் பெயர் ஆர்லீன். கிட்டிவேக்குக்குப் பதினாறு வருடமாக நான்தான் கேப்டன். எங்கள் ஊர் பெல்லோஸ் பே. அங்கிருந்து எந்த ஊருக்கும் சாலை கிடையாது. கடிதம், மாவு மூட்டை, கோழிக்குஞ்சு, பல்வலிக்காரர், பிரசவத்துக்குப் போகிறவள், எல்லாரும் எல்லாமும் எங்கள் படகில்தான் ஹாலி துறைமுகம் போய்வர வேண்டும். படகு ஊர்க் கூட்டுறவுச் சங்கத்துக்குச் சொந்தம். இரண்டு டீசல் இன்ஜின். ஒன்று படுத்துக்கொண்டாலும் இன்னொன்று வீடு கொண்டுவந்து சேர்க்கும் என்பதற்காகத்தான் இரண்டு.

பேட்டரிகளையும் அதே நினைப்போடுதான் பெர்னிஸ் அடுக்கியிருந்தாள். எங்கள் கரையிலேயே படகு மின்வேலையில் அவளை மிஞ்ச ஆளில்லை. இடது இன்ஜினைக் கிளப்ப அதற்கென்று ஒரு பேட்டரி. வலது இன்ஜினுக்குத் தனியாக இன்னொன்று. விளக்கு, ஃப்ரிட்ஜ், ஹீட்டர், காபி என்று ஆட்கள் புழங்குவதற்குத் தனியாக இரண்டு. பயணிகள் எவ்வளவு கரண்டைத் தின்றாலும் இன்ஜின் பேட்டரிகளில் ஒரு துளி குறையாது. எல்லாவற்றையும் இணைக்க ஒரு சிவப்பு ஸ்விட்ச் உண்டு. அதற்கு மூடி போட்டு, மூடியின் மேல், "உயிர் போற அவசரத்துக்கு மட்டும்" என்று எழுதி வைத்திருந்தாள்.

இரண்டு வருடம் முன்பு ட்வெய்ன் ப்ரூவிட் சங்கத்துக்கு மேலாளராக வந்தார். தெற்கே எங்கோ உல்லாசப் படகுகளைக் கவனித்துக்கொண்டிருந்தவர். கெட்ட மனிதர் என்று அன்றைக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டோம். பெயர் சொல்லிப் பேசுவார், குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுப்பார். ஆனால் எதைப் பார்த்தாலும் அதைச் சுருக்கியாக வேண்டும் அவருக்கு. பேட்டரிகளைப் பார்த்தவுடன், "எதுக்கு இத்தனை தனிக்குடித்தனம்? நாலையும் ஒண்ணா இணைச்சா ஒரே பெரிய பேட்டரி. பலமும் ஜாஸ்தி, இடமும் மிச்சம்" என்றார். பெர்னிஸ் முடியாது என்றாள். தெற்கிலிருந்து ஓர் ஆளை வரவழைத்தார். அவன் இரண்டே நாளில் நாலையும் சேர்த்துக் கட்டி, சிவப்பு ஸ்விட்சைக் கழற்றித் தூக்கிப் போட்டுவிட்டுப் போனான். மிச்சமான இடத்தில் பெரிய காபி இயந்திரம் ஒன்று வந்து உட்கார்ந்தது.

நல்ல காபி. அதையும் சொல்லியாக வேண்டும்.

செப்டம்பர் பன்னிரண்டாம் தேதி, ஹாலியிலிருந்து திரும்பும் வழி. பயணிகள் பதினோரு பேர். எல்வுட்டும் இருந்தார். எழுபத்து நான்கு வயது. நாற்பது வருடம் மீன் டப்பாத் தொழிற்சாலையின் நீராவியில் நின்று நுரையீரலைக் கொடுத்துவிட்டு வந்தவர். வாரம் ஒரு முறை ஹாலி ஆஸ்பத்திரிக்குப் போவார். சின்ன சூட்கேஸ் அளவில் ஒரு இயந்திரம், காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து ஒரு குழாய் வழியாக மூக்குக்குக் கொடுக்கும். அதைப் படகின் ப்ளக்கில் மாட்டிக்கொண்டு ஜன்னலோரம் உட்காருவார்.

வழியில் 'தொண்டை' என்று நாங்கள் சொல்லும் கடல் இடுக்கு இருக்கிறது. இரண்டு பாறைத் தீவுகளுக்கு நடுவே கடல் ஆறு மாதிரி ஓடும். ஓட்டம் அடங்கி, தண்ணீர் அசையாமல் நிற்கிற பத்துப் பதினைந்து நிமிடத்தில் தாண்டிவிட வேண்டும். முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டால் வெளியே காத்திருக்க வேண்டியதுதான். அங்கே ஆழம் அதிகம், நங்கூரம் எட்டாது. டீசல் மிச்சமாக, காத்திருக்கும்போது இரண்டு இன்ஜினையும் அணைத்துவிட வேண்டும் என்பது ப்ரூவிட்டின் எழுத்து உத்தரவு. அணைத்தேன். ஒரு மணி நேரம் மிதந்தோம். மழை. ஹீட்டர் ஓடியது, காபி ஓடியது, எல்லாரும் இரண்டாவது கோப்பை வாங்கினார்கள்.

நேரம் வந்தது. இடது இன்ஜினின் சாவியைத் திருப்பினேன். டிக். வலதைத் திருப்பினேன். டிக். அவ்வளவுதான்.

படகுத் தளத்து வேலையாள் லைல் என் பக்கத்தில் வந்து நின்றான். முப்பது வயது, எதற்கும் பதறாத ஆள். அன்றைக்கு அவன் முகம் மாவு மாதிரி வெளுத்துவிட்டது.

"கேப்டன், ரெண்டுமே பேசலியா?"

"ரெண்டுக்கும் ஒரே வாய்தானேடா வச்சிருக்காங்க" என்றேன்.

வயர்லெஸ்ஸில் கூப்பிட்டேன். பக்கத்தில் இருந்த மீன்பிடிப் படகு வந்துசேர நாற்பது நிமிடம் ஆகும் என்றது. தண்ணீர் திரும்பி ஓட ஆரம்பிக்க எங்களிடம் இருந்தது பதினைந்து நிமிடம். திரும்பினால் அது எங்களைத் தொண்டைக்குள்தான் இழுக்கும். சுக்கான் இருந்தும் பயனில்லாமல், அந்தப் பாறைகளுக்கு நடுவே பதினோரு பேரோடு.

"எல்லா ஸ்விட்சும் ஆஃப் பண்ணு. காபி, ஹீட்டர், விளக்கு, எல்லாம்" என்றேன் லைலிடம். அப்புறம் எல்வுட்டைப் பார்த்தேன். அவருடைய ப்ளக் மட்டும்தான் மிச்சம்.

அவரே குனிந்து ப்ளக்கைப் பிடுங்கினார். "என்ன அப்படிப் பாக்கிற? என் மூக்குக்குன்னு பையில ஒரு சின்ன சிலிண்டர் இருக்கு. அரை மணி நேரம் தாங்கும். உன் இன்ஜினுக்கு அந்த மாதிரி ஒண்ணு தனியா வச்சிருக்கியா?"

"வச்சிருந்தோம்" என்றேன்.

"இருந்தோம்னு சொல்ற பாரு, அது நல்லால்ல" என்று சொல்லிவிட்டுச் சிலிண்டரைத் திருகினார்.

இன்ஜின் அறை மூடியைத் திறந்தேன். அழுகின முட்டை நாற்றம் முகத்தில் அறைந்தது. பேட்டரி வாயு, பொறி பட்டால் வெடிக்கும் என்பதால் காற்றோட்டம் வரட்டும் என்று ஒரு நிமிடம் விட்டோம். அந்த ஒரு நிமிடம் என் ஆயுளில் பாதி. பிறகு படுத்துக்கொண்டு நாலு பேட்டரிகள் மேலும் கையை வைத்துப் பார்த்தேன். மூன்று ஜில்லென்றிருந்தன. வரிசையில் மூன்றாவதாக இருந்தது மட்டும் கையைச் சுட்டது. உள்ளுக்குள் கெட்டுப்போய், மற்ற மூன்றின் கரண்டையும் இழுத்துக் குடித்துக்கொண்டிருந்தது. தனித்தனியாக இருந்திருந்தால் அது மட்டும் செத்திருக்கும். ஒன்றாகக் கட்டியதால் எல்லாவற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது.

"ஸ்பேனர் குடு."

நட்டு இறுகிக் கிடந்தது. லைல் என் கால்களைப் பிடித்துக்கொள்ள, தலைகீழாகத் தொங்கியபடி இரண்டு பக்கத்து வயரையும் கழற்றினேன். விரல் முட்டியில் தோல் உரிந்தது அப்போது தெரியவில்லை. மேலே பயணிகளில் ஒருவரான மிஸஸ் டால்பி யாரிடமோ, "கரை பக்கத்துல வருதே, நல்லதா கெட்டதா?" என்று கேட்பது காதில் விழுந்தது.

மீதி மூன்றும் கொஞ்சம் மூச்சு வாங்கட்டும் என்று இரண்டு நிமிடம் காத்திருந்தோம். ஜன்னல் வழியே பார்த்தால் பாறையோரக் கடற்பாசி எல்லாம் ஒரே பக்கமாகச் சாய ஆரம்பித்திருந்தது. தண்ணீர் திரும்பிவிட்டது.

வலது இன்ஜின். முனகியது, நின்றது. மறுபடி. முனகியது, நின்றது. மூன்றாவது முறை கிழவன் படியேறுகிற மாதிரி ஒவ்வொரு சுற்றாகச் சுற்றி, இருமி, கரும்புகை கக்கி, பிடித்துக்கொண்டது. நான் அழவில்லை. லைல் அழுதான். அது ஓடி ஐந்து நிமிடம் மின்சாரம் கொடுத்த பிறகு இடதும் எழுந்தது. பாறைக்கும் எங்களுக்கும் அப்போது மூன்று படகு நீளம் இடைவெளி.

எல்வுட் மறுபடி ப்ளக்கை மாட்டினார். உதடு கொஞ்சம் நீலமாக இருந்தது. "இப்ப அந்தக் காபி கிடைக்குமா?" என்று கேட்டார்.

"காபி கிடையாது" என்றோம் நானும் லைலும் ஒரே குரலில்.

அன்று மாலையே நடந்ததை எழுதி ப்ரூவிட்டிடம் கொடுத்தேன். கெட்ட பேட்டரியை எடுத்துவிட்டு அதே இடத்தில் புதிதாக ஒன்றை வைத்தார். நாலையும் சேர்த்த கட்டு அப்படியே இருந்தது. ஒன்பது நாள் கழித்து அவருடைய அறிக்கை வந்தது. பயணி ஒருவர் முன்னறிவிப்பின்றிப் பயன்படுத்திய மருத்துவக் கருவி படகின் பேட்டரிகளைத் தீர்த்துவிட்டதாம். முன்னறிவிப்பின்றி! எட்டு மாதமாக வாராவாரம் அதே ப்ளக்கில் மாட்டுகிற மனிதர். கூடவே எங்கள் படகுத் துறைக் கொட்டகையில் ஒரு அறிவிப்பு: இயந்திரமோ சிலிண்டரோ, எந்த மருத்துவக் கருவியோடும் யாரும் படகில் ஏறக்கூடாது.

நான் ப்ரூவிட் அறைக்குப் போனேன்.

"ஆர்லீன், இது யாரையும் குத்தம் சொல்றதுக்கில்ல" என்றார். "பாதுகாப்பு. அவ்வளவுதான்."

"எல்வுட் எப்படி ஆஸ்பத்திரி போவார்?"

"அவருக்குச் சொந்தக்காரங்க இருக்காங்கல்ல?"

இருந்தார்கள். அவருடைய மருமகனிடம் ஒரு திறந்த அலுமினியப் படகு இருந்தது. கூரை கிடையாது. அதில் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு, பை நிறைய சிலிண்டர்களைக் கட்டிப்பிடித்தபடி அந்த மனிதர் மூன்று மணி நேரம் மழையில் போனார். இரண்டாவது வாரம் நான் கிட்டிவேக்கில் அவரைத் தாண்டிப் போனேன். ஹீட்டர் ஓடுகிற, பாதி இருக்கை காலியாக இருக்கிற படகில். அவர் கையை ஆட்டினார். எனக்கு என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

அன்றைக்குத்தான் பெர்னிஸ் வீட்டுக்கு நடந்தேன்.

அவள் சமையலறையில் சால்மன் மீனை வகிர்ந்துகொண்டிருந்தாள். அறிக்கையை மேஜைமேல் வைத்தேன். கையைத் துடைக்காமலே குனிந்து படித்தாள். கத்தியைக் கீழே வைத்தாள்.

"அந்த ஆளு நாலையும் சேர்த்துக் கட்டி முடிச்சப்போ, வேலைய ஏத்துக்கிட்டோம்னு ஒரு பேப்பர் இருந்திருக்குமே. அதுல யாரு கையெழுத்து போட்டது?"

நான் மேஜைமேல் ஒட்டியிருந்த மீன் செதில் ஒன்றைச் சுரண்டினேன்.

"கேக்கிறேன்ல, கேப்டன்?"

"நான்தான்."

"படிச்சீங்களா?"

"படிச்சேன்."

"சிவப்பு ஸ்விட்ச் இல்லன்னு தெரிஞ்சும்?"

"தெரிஞ்சும்தான். ரெண்டு இன்ஜினும் டக்குனு கிளம்புச்சு. இடம் விசாலமா இருந்துச்சு. சண்டை போட அலுப்பா இருந்துச்சு, பெர்னிஸ்."

"அலுப்பு!" அவள் குரல் உயரவில்லை. அதுதான் மோசம். "நான் முடியாதுன்னு சொன்னப்போ இந்த ஊர்ல ஒருத்தர் எங்கூட நிக்கல. 'பெர்னிஸுக்குக் கோவம், வேலை போச்சுன்னு பொருமுறா'ன்னு பேசினாங்க. நீங்களும் அந்த காபியக் குடிச்சுக்கிட்டு சும்மா இருந்தீங்க. இப்ப அந்த மனுஷன் தலையில கட்டினதும் ஓடி வர்றீங்க."

"ஆமா. வெக்கங்கெட்டுத்தான் வந்திருக்கேன். திட்டு. ஆனா சங்கக் கூட்டத்துக்கு எங்கூட வா."

அவள் மறுபடி கத்தியைக் கையில் எடுத்தாள். "அந்தக் கெட்ட பேட்டரி எங்க?"

"லைல் எடுத்து வச்சிருக்கான். கொட்டகைக்குப் பின்னாடி."

"அந்தப் பையனுக்கு மூளை இருக்கு" என்றாள். "இந்த மீன முடிச்சிட்டு வரேன். உக்காருங்க. ஒழுகுறீங்க."

சங்கக் கூட்டம் அடுத்த சனிக்கிழமை காலை. தலைவி மார்வெல்லா ஸ்டோக்ஸ், மளிகைக்கடைக்காரி. தராசு மாதிரி பேசுகிறவள். நான் எழுந்து, கூட்டத்தைப் படகுத் துறைக்கு மாற்ற வேண்டும் என்றேன்.

ப்ரூவிட் சிரித்தார். "இது என்ன, திருவிழாவா?"

"அறிக்கை எழுதினது நீங்க. அது சரின்னா ஒரு மணி நேரத்துல எல்லாருக்கும் தெரிஞ்சிடும். என்ன பயம்?" என்றாள் பெர்னிஸ்.

மார்வெல்லா கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். மற்ற ஆறு உறுப்பினர்களும் பின்னால் வந்தார்கள்.

பெர்னிஸ் கெட்ட பேட்டரியைத் திறந்த தளத்தில் வைத்து, புதியதைக் கழற்றிவிட்டு, நீள வயர்களால் பழைய மூன்றோடு அன்றைக்கு இருந்தது போலவே இணைத்தாள். கிட்டே யாரையும் விடவில்லை. ஹீட்டரைப் போட்டாள், காபியைப் போட்டாள். "எல்வுட் மெஷின் இங்க இல்ல. எல்லாரும் பாத்துக்குங்க. அந்த ப்ளக்கு காலி" என்றாள். ஒரு மணி நேரம் எல்லாரும் கேபினில் உட்கார்ந்து காபி குடித்தோம். ப்ரூவிட் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மார்வெல்லா, வாங்க. சாவியத் திருப்புங்க."

டிக். இன்னொரு சாவி. டிக்.

பெர்னிஸ் கீழே இறங்கினாள். கால் மணி நேரத்தில் வயர்களை மாற்றினாள். இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று, தனித்தனியாக. கெட்டதையும் மீதி ஒன்றையும் சேர்த்துக் காபிப் பக்கம் தள்ளினாள். அவை இரண்டிலும் விளக்கு எரியக்கூடத் தெம்பில்லை.

"மறுபடி திருப்புங்க."

இடது இன்ஜின் கொஞ்சம் முனகிவிட்டுக் கிளம்பியது. அதன் பின்னாலேயே வலதும். மார்வெல்லா சுட்டுக்கொண்டவள் போலச் சாவியிலிருந்து கையை எடுத்தாள்.

"அதே பேட்டரிங்க. அதுல கெட்டதும் இருக்கு" என்றாள் பெர்னிஸ். "மாத்தினது கட்டு மட்டும்தான். இன்னொண்ணும் சொல்றேன். எல்வுட்டோட மெஷின் மாதிரி மூணு ஓடினா எவ்வளவு கரண்ட் ஆகுமோ, அவ்வளவு தின்னுது இந்த ஒத்தை காபி மெஷின். தடை போடணும்னா எதுக்குப் போட்டிருக்கணும்?"

ப்ரூவிட் தொண்டையைச் செருமினார். "ஒரு விஷயம். இந்த வேலைய கேப்டனே பாத்து ஏத்துக்கிட்டு கையெழுத்து போட்டிருக்காங்க."

எனக்குத் தெரியும், அதை வைத்திருந்து எடுப்பார் என்று. எழுந்தேன்.

"போட்டேன். தப்புன்னு தெரிஞ்சும் போட்டேன். அதுக்கு என்ன தண்டனையோ குடுங்க, வாங்கிக்கிறேன். ஆனா நீங்க உங்க தப்பையும் என் தப்பையும் சேர்த்து மூச்சு விடவே கஷ்டப்படுற ஒரு மனுஷன் மடியில கொண்டுபோய் வச்சீங்களே, ட்வெய்ன், அது தப்பு இல்ல, வேற. அன்னைக்கு அந்தப் படகுல முதல்ல ப்ளக்கைப் பிடுங்கினது யாரு தெரியுமா? நான் கேக்கக்கூட இல்ல. அவரே பிடுங்கினாரு. மத்தவங்க காபி ஆறிப்போகுதேன்னு முணுமுணுத்துக்கிட்டு இருந்தாங்க. அவரைத்தான் மழையில திறந்த படகுல அனுப்பினீங்க!"

குரல் உடைந்துவிட்டது. அது எனக்குப் பிடிக்கவில்லை. கோபமாகவே முடித்திருக்க வேண்டும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

தடையை அங்கேயே எடுத்தார்கள். கட்டைப் பழையபடி மாற்ற பெர்னிஸைக் கேட்டுக்கொண்டார்கள். "கேட்டுக்கிறோம்னு எழுதித் தாங்க" என்றாள், எழுதிக் கொடுத்தார்கள். எனக்கு ஒரு மாதம் படகில்லை. லைலின் அண்ணன் ஓட்டினான். சரியான தண்டனைதான். ப்ரூவிட்டின் அறிக்கையைத் திரும்பப் பெற வேண்டும் என்ற தீர்மானம் மட்டும் நாலுக்கு மூன்று என்று தோற்றது. மாநில அலுவலகத்துக்கு அனுப்பியாகிவிட்டதாம், இனிக் கிளறினால் சங்கத்துக்குக் கெட்ட பெயராம். ஆகவே எல்வுட் சாண்ட்விக்தான் காரணம் என்று சொல்கிற காகிதம் இன்றும் ஏதோ ஒரு அலமாரியில் இருக்கிறது. அதோடு சேர்த்து வைக்கச் சொல்லி நான் ஆறு பக்கம் எழுதி அனுப்பினேன். வைத்தார்களா என்று கேட்டு இரண்டு கடிதம் போட்டேன். பதில் இல்லை.

எல்வுட் இதற்குள் ஹாலி ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். திறந்த படகில் மூன்றாவது முறை போனபோது சளி நெஞ்சுக்குள் இறங்கிவிட்டது. ஐந்து வாரம் படுக்கை. நான் போய்ப் பார்த்தபோது நடந்ததையெல்லாம் சொன்னேன். காபி இயந்திரத்தைக் கொட்டகைக்கு மாற்றிவிட்டார்கள் என்றதும், "அடப்பாவிங்களா, அதை ஏன் தண்டிச்சீங்க?" என்றார். சிரிக்கப் போய் இருமலில் முடிந்தது. பழையபடி அவரால் படியேற முடியவில்லை. இனி முடியாது என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார்.

நவம்பரில் அவரை வீட்டுக்கு அழைத்துவந்த நாள் நான் மறுபடி சுக்கான் பிடித்த இரண்டாவது நாள். அதே ஜன்னலோரம் உட்கார்ந்தார். தொண்டைக்கு வெளியே நாற்பது நிமிடம் காத்திருந்தோம். அவர் தூங்கிவிட்டார்.

பெல்லோஸ் பே படகுத் துறையில் ப்ரூவிட் நின்றிருந்தார். அவராகத்தான் வந்தார், யாரும் அழைக்கவில்லை. அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. லைலும் நானும் எல்வுட்டை இரண்டு பக்கமும் தாங்கி இறக்கினோம். ப்ரூவிட் முன்னால் வந்து கையை நீட்டினார்.

"வாங்க எல்வுட். நல்லா இருக்கீங்கன்னு கேள்விப்பட்டேன். சந்தோஷம்."

மன்னிப்பு என்ற சொல் வருமா என்று நான் காத்திருந்தேன். மழைச் சத்தம்தான் கேட்டது.

எல்வுட் அந்தக் கையைப் பார்த்தார். "கை குடுக்கலாம், ட்வெய்ன். ஆனா பாருங்க, ரெண்டு கையிலயும் சாமான்" என்றார்.

அவர் ஒரு கையில் இயந்திரம் இருந்தது. இன்னொரு கை வெறுமையாக என் தோளைப் பிடித்திருந்தது. அந்தப் பிடியை இறுக்கிக்கொண்டு, "நட, ஆர்லீன்" என்றார். நடந்தோம்.